சபை நட மண் வேண்டும்: செங்கல்பட்டுத் திருச்சபையின் தொடக்க நாட்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

'சபை நடுதல்' என்றொரு சொல் இன்று சுயாதீன சபை வட்டாரங்களில் பரவலாகப் புழங்குகிறது. தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டுக்குப் போகும் சாலையிலும், கோவளம் தாண்டி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போகும் கடற்கரைச் சாலையிலும் இப்படி நடப்பட்ட சபைகளைப் பார்க்கலாம். மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைக்செட், வாசலில் ஒரு பெயர்ப்பலகை. ஒரு புதிய சபையை முதல் சில வருஷங்கள் எப்படி வழிநடத்துவது என்று ஊழியர்களுக்குக் கற்றுத்தரக் கையேடுகளும் பயிற்சி வகுப்புகளும் இருக்கின்றன. ஆத்தும பாரம், தரிசனம், ஜெபக்குழு, காணிக்கை ஒழுங்கு, அடுத்த தலைமையை உருவாக்குதல் எல்லாம் அவற்றில் வரும். நடுவதற்கு மண் யாருடையது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு திருச்சபை தொடங்கிய கதையைத் திரும்ப வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தக் கதையை நமக்கு இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று மிஷன் வரலாறு: ஒரு வெள்ளைக்கார ஐயர் வந்தார், இருளில் கிடந்த ஜனங்களுக்கு ஒளி காட்டினார். இன்னொன்று நம்மூர்த் திண்ணைப் பேச்சு: சோத்துக்காக மாறினானுங்க. ஒன்று புகழ்ச்சி, மற்றது வசை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கருத்தியல் ஒன்றுதான். சேரி மக்கள் தாங்களாக எதையும் தொடங்கவில்லை, அவர்களுக்கு யாரோ எதையோ கொடுத்தார்கள் என்பதே அது. இதைத்தான் நாம் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

2

முதலில் ஸ்காட்லாந்துக்குப் போய் வர வேண்டும். செங்கல்பட்டில் சபை தொடங்கியவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். வரும்போது ஒரு நினைவையும் சுமந்து வந்திருக்க வேண்டியவர்கள்.

1843 மே மாதம் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்தது. ஊர்ச் சபைக்குக் குருவை நியமிக்கும் உரிமை அங்கே நிலப்பிரபுவின் கையில் இருந்தது. சபைக்குப் பிடிக்காத குருவையும் அவர் திணிக்கலாம், கோர்ட்டும் அவர் பக்கம் நின்றது. இதை ஏற்காத 470-க்கும் மேற்பட்ட குருமார்கள் வீடு, சம்பளம், கோயில் கட்டிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறிச் 'சுதந்திரத் திருச்சபை'யைத் தொடங்கினார்கள். நிலப்பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? பல ஊர்களில் புதுச் சபைக்குக் கோயில் கட்ட ஒரு மனைகூடத் தர மறுத்தார்கள். மேற்குக் கரையில் ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊரில் ஜேம்ஸ் ரிடெல் என்ற நிலப்பிரபு அப்படி மறுத்தபோது, சபையார் 1846-ல் இரும்பால் ஒரு மிதக்கும் கோயில் செய்வித்து, கடற்கழியில் கொண்டுவந்து நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். படகில் போய் ஏறி ஆராதனை செய்தார்கள். நூறு பேர் ஏறினால் கோயில் ஓரங்குலம் தண்ணீரில் தாழும் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். மனை மறுக்கப்பட்டதை விசாரிக்க 1847-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றமே ஒரு கமிட்டி போட வேண்டியிருந்தது.

ஆக, மண் இல்லாத சபை என்றால் என்னவென்று அந்தத் திருச்சபைக்குத் தெரியும். தன் தொடக்க நாட்களில் தண்ணீரில் மிதந்த சபை அது. இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள் அனைவரும் 1843-ல் அந்தச் சபையோடுதான் சேர்ந்துகொண்டார்கள்.

சென்னையில் அந்த மிஷனை நடத்தியவர் ஜான் ஆண்டர்சன். 1837-ல் அவர் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. ஆங்கிலக் கல்வி கொடுத்தால் மேல்சாதிப் பையன்கள் மனம் திரும்புவார்கள், அவர்கள் வழியாகச் சுவிசேஷம் கீழே இறங்கும் என்பது அன்றைய திட்டம். செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் கிளைப் பள்ளிகள் வந்தன. 1841-ல் ராஜகோபால், வெங்கடராமையா, எத்திராஜுலு என்ற மூன்று இளைஞர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். பத்து வருஷம் கழித்து, 1851-ல், மூவருமே குருப்பட்டம் பெற்றார்கள். மிஷன் வரலாறுகள் இந்த மூவரையே முதல் கனிகளாகக் கொண்டாடுகின்றன.

ஆண்டர்சனைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அவர் பள்ளியில் பறையர் பையன்கள் சேர்ந்தபோது, அவர்களை வெளியேற்று, இல்லை தனி பெஞ்சில் உட்கார வை என்று சாதி இந்துக்கள் நின்றார்கள். ஆண்டர்சன் மறுத்தார். மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். அதற்கும் அவர் அசையவில்லை. பெரிய காரியம்தான். ஆனால் மேலிருந்து கீழே வடியும் என்று அவர் நம்பிக் காத்திருந்தது வடியவேயில்லை. சபை வந்தது கீழேயிருந்து.

3

செங்கல்பட்டுச் சீமையின் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது மிராசு நாடு. ஊர் நிலத்தின் மீது மட்டுமல்ல, தரிசு, மேய்ச்சல், குளம், குடியிருப்பு எல்லாவற்றின் மீதும் மிராசுதார் தனக்கு உரிமை உண்டு என்றார். 1818-ல் எல்லிஸ் துரை மிராசு பற்றி எழுதியதிலிருந்து கம்பெனி அதிகாரிகள் இதைப் பற்றித் தீராமல் விவாதித்தார்கள். ஊரில் உழுகிற பறையருக்கு அந்த விவாதத்தில் இடமே கிடையாது. அவர் விவாதிக்கிற ஆளாக இல்லை, விவாதிக்கப்படும் சொத்தின் ஒரு பகுதியாக இருந்தார். 1843-ல் அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று அரசு சொன்ன பிறகும், படியாள் என்ற பெயரில் அது கடனாலும் வீட்டாலும் தொடர்ந்தது.

வீட்டால் என்பதைக் கவனிக்க வேண்டும். சேரி நத்தமும் தன்னுடையதே என்றார் மிராசுதார். அதாவது படியாளின் குடிசை நிற்கும் மண் ஆண்டையின் மண். எதிர்த்துப் பேசினால் வேலை போகும், அதோடு வீடும் போகும். சரி, தரிசு நிலத்துக்கு தர்காஸ்து போட்டுச் சொந்த நிலம் வாங்கலாம் என்றால், பறையர் மனு போட்ட நிலத்தை மிராசுதார் தனக்கே முன்னுரிமை என்று எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது. மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பறையர். அந்த நான்கில் ஒருவருக்குக் கால் வைக்க மண் இல்லாதபடி சட்டமும் சாதியும் கைகோத்து நின்றன.

இப்படிப்பட்ட இடத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக 1876-78 பஞ்சத்துக்குப் பின், சேரிகள் மிஷனைத் தேடி வந்தன. தனித்தனி ஆளாக அல்ல, குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் சேரியாகவே வந்தார்கள். எங்க ஊருக்கு ஒரு உபதேசியாரை அனுப்புங்க, ஒரு பள்ளிக்கூடம் வையுங்க என்று கேட்டார்கள். உபதேசியார் வந்தால் வெறும் ஜெபம் மட்டும் வராது. எழுத்து வரும். எழுத்து வந்தால் மனு வரும், மனு கச்சேரிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆண்டை வேலைக்குப் போகாத ஒரு நாள் வரும். மிராசுதாருக்கு இது தெளிவாகப் புரிந்தது. அவர் திரித்துவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் மனுவைப் பற்றியும்தான் கவலைப்பட்டார். வீட்டை விட்டுத் துரத்துவது அவர் கையிலிருந்த முதல் ஆயுதம்.

கடற்கரைப் பக்கம் பார்த்தால் வித்தியாசம் இன்னும் விளங்கும். கோவளத்தில் ஜான் டி மான்டே என்ற வணிகர் 1808-ல் கார்மேல் மாதா கோயிலைக் கட்டினார். பணமும் மண்ணும் உள்ளவன் நினைத்தால் கோயில் எழுந்துவிடுகிறது. சேரியில் ஒரு கீற்றுக்கொட்டகை ஜெபவீடு போட வேண்டுமானால், அதற்கு முன் நிலவுடைமையின் மொத்தக் கட்டமைப்போடும் மோத வேண்டும்.

ஆகவே தொடக்க நாட்களில் இந்தச் சபையை வழிநடத்தியது யார் என்று கேட்டால், பதிவேட்டில் இருக்கும் மிஷனரி பெயரோடு நிறுத்த முடியாது. வீடு போகும் என்று தெரிந்தும் முதலில் போய்க் கேட்ட அந்தச் சேரிப் பெரியவர்களும், சொற்பச் சம்பளத்தில் மிராசுதாரின் கோபத்துக்கு எதிரில் போய்க் குடியிருந்த உபதேசியார்களும்தான் தலைமை தாங்கியவர்கள். அவர்கள் பெயர்களில் பெரும்பாலானவை வரலாற்றுப் பிரதிகளில் இல்லை.

4

வந்தவர்களைப் பார்த்து மிஷன் கேட்ட முதல் கேள்வி என்ன? 'எதற்காக வந்தீர்கள்?'

இது வெகுளியான கேள்வி அல்ல. ஆத்துமத்துக்காக வந்தாயா, வயிற்றுக்காக வந்தாயா என்று பிரித்துப் பார்க்கிற கேள்வி. உள்நோக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள். ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட 'பறையர் பிரச்சினை' பற்றிய ஆங்கில நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். ஆன்மிகம் வேறு, உலகியல் வேறு என்ற பிரிவினை மிஷனரி கொண்டுவந்தது, சேரி மக்களுக்கு அது பிரிந்திருக்கவில்லை என்பது அவர் வாதத்தின் மையம். எனக்கு இது முற்றிலும் சரியென்றே படுகிறது. குடியிருக்க இடம் கொடுக்கிற கடவுளைத்தான் அவர்கள் தேடினார்கள். அது எப்படி ஆன்மிகம் இல்லாமல் போகும்? எகிப்திலிருந்து அடிமைகளை வெளியே கொண்டுவந்து நிலம் காட்டிய கடவுளின் கதையைக் கையில் கொடுத்துவிட்டு, நீ நிலத்தைப் பற்றி நினைக்காதே என்று சொன்னால் என்ன நியாயம்?

நிலப்பிரபு மனை தரவில்லை என்பதற்காகக் கடலில் கோயில் மிதக்கவிட்ட சபை, தன் வரலாற்றில் மனையையும் விசுவாசத்தையும் ஒன்றாகவே பேசியது. ஸ்ட்ரான்ஷியன் மக்களிடம் நீங்கள் மனைக்காக விசுவாசிக்கிறீர்களா என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. செங்கல்பட்டுச் சேரியிடம் மட்டும் கேட்டார்கள்.

ஆனால் கேட்டவர்களில் சிலரைச் சேரி மாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும், ஷெட்லாந்துத் தீவில் பிறந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி திருவள்ளூரிலும் இருந்தார்கள். ஜனங்கள் கொண்டுவந்த வழக்குகளும் வெளியேற்றங்களும் அவர்களை நிலவரி விதிகளைப் படிக்க வைத்தன. பத்திரிகைகளில் எழுதினார்கள், அரசிடம் முறையிட்டார்கள். ஸ்காட்லாந்தின் சிறு குடியானவருக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையைத் தந்த சட்டம் 1886-ல்தான் வந்திருந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹியர் 1891-ல் எழுதிய புகழ்பெற்ற குறிப்பு இந்தப் பின்னணியில் வந்தது. மனை, தரிசு நிலம், பள்ளி, கிணறு என்று அவர் கேட்டவற்றில் பலவற்றை அரசு ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட கொஞ்சம் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணையாக வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அங்கிருந்து தொடங்குகிறது.

மிஷனரி கலெக்டருக்குச் சொன்னார், கலெக்டர் அரசுக்குச் சொன்னார் என்று இந்தக் கதையைச் சொல்வதே வழக்கம். ஆனால் மிஷனரிக்குச் சொன்னது யார்? சங்கிலியின் முதல் கண்ணியை விட்டுவிட்டுத்தான் இத்தனை காலமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

5

1893-ல் ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடியேற்றத்தை ஏற்படுத்தினார். பெயர் மெல்ரோசாபுரம். மெல்ரோஸ் ஸ்காட்லாந்தின் ஓர் ஊர். அதோடு நம் 'புரம்' சேர்ந்துகொண்டது. ஆண்டையின் நத்தத்திலிருந்து விடுபட்டு, தன் வீடு, தன் வயல் என்று பறையர் வாழ ஓர் இடம். இதன் முக்கியத்துவத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. துரத்தப்பட்டால் போக ஓர் இடம் இருக்கிறது என்ற செய்தியே சுற்றுப்பட்ட சேரிகளில் பேரம் பேசும் பலத்தைக் கொடுக்கக்கூடியது.

யூஜின் இர்ஷிக் 1994-ல் வெளியான தன் நூலில் செங்கல்பட்டின் வரலாற்றை ஆங்கிலேயரும் உள்ளூராரும் சேர்ந்து நடத்திய 'உரையாட'லாக வாசிக்கிறார். பறையரை மண்ணின் ஆதிக்குடிகளாகவும், ஓரிடத்தில் நிலைபெற்ற உழவராகவும் கட்டமைத்த முயற்சிகளில் ஒன்றாக இந்தக் குடியேற்றமும் அதில் வருகிறது. சுவாரசியமான வாசிப்பு. ஆனால் உரையாடல் என்ற சொல் எனக்கு இடிக்கிறது. பேசி முடித்ததும் ஒருவர் வீடு அப்படியே இருக்கும், இன்னொருவர் வீடு பிடுங்கப்படலாம் என்றால், அதற்குப் பெயர் உரையாடலா? இன்னொரு பக்கம், ரூபா விஸ்வநாத்தின் கவனம் அரசின் மீது குவிந்திருப்பதால், சபைக்குள் அந்த மக்கள் என்ன செய்தார்கள், எப்படிப் பாடினார்கள், எப்படிப் புதைத்தார்கள் என்பது நமக்குக் குறைவாகவே தெரியவருகிறது. அதை எழுத வேண்டியவர்கள் நாம்.

மிஷன் குடியேற்றங்கள் எல்லாவற்றிடமும் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: பட்டா யார் பெயரில்? மிஷன் பெயரிலேயே பட்டா இருந்தால், ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறவன் குடியிருக்கலாம், வராதவன் யோசிக்க வேண்டும் என்று ஆகும். ஆண்டை போய் ஐயர் வந்த கதை அது. இடம் கொடுத்தவர் இரக்கமுள்ளவராக இருக்கலாம். ஆனால் இரக்கம் பட்டா ஆகாது.

அதே காலத்தில் இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893-ல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். கலெக்டரின் குறிப்பு, அரசாணை, மெல்ரோசாபுரம், 'பறையன்' எல்லாம் மூன்றே வருஷத்துக்குள் வருகின்றன. சேரி ஒரே நேரத்தில் பல கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது என்றுதான் இதை வாசிக்க வேண்டும். சபை அதில் ஒரு கதவு. திறந்தது அந்தக் கதவு என்பதால், தட்டிய கை கதவுக்குச் சொந்தமாகிவிடாது.

6

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மதமாற்றத்தைப் பற்றி முற்போக்காளர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? 'அடிப்படையில் அது நிலப் பிரச்சினைதான் தோழர், மதம் மேல்பூச்சு.' ஆதரவாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதுவும் மிஷனரியின் பிரிவினையேதான், திருப்பிப் போட்டது. அவர் வயிற்றைத் தள்ளி ஆத்துமத்தை வைத்துக்கொண்டார். நாம் ஆத்துமத்தைத் தள்ளி வயிற்றை வைத்துக்கொள்கிறோம். சேரி இரண்டையும் ஒரே மனுவில் எழுதியது. அதை முழுசாக வாசிக்க இரண்டு தரப்புக்கும் மனசு வரவில்லை.

நூறு வருஷம் கழித்து அந்த மனு மீண்டும் வந்தது. பஞ்சமி நிலங்களை முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. ஆனாலும் நிலங்கள் கைமாறின. மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்று இயக்கங்கள் சொல்கின்றன. அவற்றில் எவ்வளவு இன்று தலித்துகளின் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. 1994-ல் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடினார்கள், அந்த மண்ணில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது, கைதுகள் நடந்தன. அதைக் கண்டித்து மக்கள் திரண்டபோது, அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

அந்தப் போராட்டத்தில் கத்தோலிக்கக் குருமார்கள் சிலரும் மக்களோடு நின்றார்கள். அவர்களைப் பார்த்து, பூசை வைக்கிறவருக்குப் பட்டாவில் என்ன வேலை என்று கேட்டவர்கள் வெளியே மட்டுமல்ல, சபைக்குள்ளும் இருந்திருப்பார்கள். 1890-களில் எழுந்த கேள்வியின் அதே குரல்தான் அது.

அரசும் அதே பிரிவினையைச் சட்டமாக வைத்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியார் இந்துவாக இருக்க வேண்டும். பின்னால் 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. நீ ஆத்துமத்தை மாற்றிக்கொண்டாய், ஆகவே உன் சாதித் துன்பம் போய்விட்டது என்பது வாதம். சேரியோ அதே இடத்தில் இருக்கிறது. சபைக்குள் தனிக் கல்லறையும் சில ஊர்களில் அப்படியே இருக்கிறது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லியும் அது நீக்கப்படவில்லை.

7

ஆக, ஒரு புதிய சபையை அதன் முதல் நாட்களில் வழிநடத்துவது பற்றிச் செங்கல்பட்டு நமக்கு என்ன சொல்கிறது?

மாடிக் கொட்டகையில் சபை நடத்தும் இன்றைய பாஸ்டர்களில் பலர் இதே சேரிகளிலிருந்து வந்தவர்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் சபை தெருவில். வழிபாட்டுக் கட்டிடம் கட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் போலீஸ் வந்து நிற்கும். இந்தக் கஷ்டங்களை விசுவாசச் சோதனை என்று மட்டுமே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது பழைய மனைப் பிரச்சினையின் தொடர்ச்சி என்று யாரும் சொல்லவில்லை. தன் சபைக்கு வரும் பெண்கள் எந்தப் புறம்போக்கில் குடியிருக்கிறார்கள், அவர்கள் பாட்டன் கையிலிருந்த பஞ்சமி நிலம் இப்போது எந்த ரிசார்ட்டின் வேலிக்குள் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் பாஸ்டர் ஒருவர் இருந்தால், அவர் ஊழியத்தை விட்டு விலகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பழைய உபதேசியாரின் வேலையைத்தான் அவர் செய்கிறார்.

வருகிறவரிடம் 'எதற்காக வந்தாய்' என்று கேட்பதிலிருந்து ஒரு சபை தொடங்கினால், அது சீக்கிரமே மிராசுதாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். 'உன்னைத் துரத்தியது யார்' என்று கேட்டுத் தொடங்கினால் வேறு பாதை. இயக்கங்களுக்கும் இது பொருந்தும். நாமும் நம்மிடம் வருகிறவர்களிடம் உள்நோக்கம் விசாரிக்கிறவர்கள்தான். கொள்கை தெரிந்து வந்தானா, பட்டா கிடைக்கும் என்று வந்தானா என்று கூட்டம் முடிந்து டீக்கடையில் பேசுகிறோம். பட்டாவுக்காகத்தான் வந்திருப்பான். வரட்டும். காரணை நிலத்தின் பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்க அந்த மாதிரி ஆட்கள்தான் நமக்குத் தேவை.